செருப்புக் காவல்

நான் பிறந்து வளர்ந்தது ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். அங்கே எங்கள் வேதக்கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்து, வீட்டுக்காரரோடு கலவானைக்கு அப்பாலிருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, இங்கும் அதே வழக்கம்தான். தாய்மார் கொழுந்துக்குப் போகும் நேரத்தில் அவர்களுடைய கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வந்த முதல் ஞாயிறு, படியேறி, வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், என் செருப்பு இரண்டும் ஒட்டிச் சேர்ந்து, காலை நுழைத்தால் அப்படியே இறங்கிப் போகலாம் என்பதுபோல் வெளிப்பக்கம் பார்த்து நின்றன. என்னுடையது மட்டுமல்ல, எல்லாருடைய செருப்பும் வீடு வீடாகப் பிரித்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தது.

அடுக்கி வைத்தவர் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தொட்ட பெண். சின்ன வயதில் வந்த போலியோவில் ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. அந்தக் காலில் முழங்காலுக்கு மேல் வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும், அடியில் கனத்த கறுப்புச் சப்பாத்தும். கையில் ஒரு தடி. தடியின் வளைந்த முனையால் செருப்புகளைக் கொக்கி போட்டு இழுத்து வைப்பார். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான். சின்னப் பிள்ளைகளும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"உள்ள வரலியாக்கா?" என்று கேட்டேன்.

"உள்ள ஒரே புழுக்கம் புள்ள. இங்க காத்து நல்லா வரும்."

கலவானையில் புழுக்கமாம்! சிங்கராஜாக் காட்டிலிருந்து இறங்கும் மழை எங்கள் கோயில் வாசலுக்கு வராமல் வேறு எங்கும் போவதில்லை. அன்றைக்கும் சாரல் அடித்து அக்காவின் சேலைத் தலைப்பு நனைந்துதான் இருந்தது. ஆனால் நான் புதிதாக வந்தவள். வாய் நீளம் என்ற பெயர் வாங்க இன்னும் நாள் இருக்கிறது என்று பேசாமல் வந்துவிட்டேன்.

எங்கள் போதகர் இரத்தினபுரியில் இருக்கிறார். பல தோட்டங்களுக்கும் அவர் ஒருவரே என்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கே வர முடியும். மற்ற ஞாயிறுகளில் மூப்பர்தான் ஆராதனை நடத்துவார். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை அவர். கோயில் தரைக்கு அந்தக் காலத்தில் சிமெந்து போட்டதே அவருடைய அப்பாவும் கூட வேலை செய்தவர்களும்தான், தோட்டத்தில் அன்றைய வேலையான பேர் முடிந்து வந்த கையோடு. அந்தத் தரையைச் சனிக்கிழமைதோறும் மூப்பரே முழங்காலில் நின்று துடைப்பார். வேறு யார் துடைத்தாலும் அவருக்குத் திருப்தி வராது.

ஒரு மாதம் போதகர் வந்தபோது, ஆராதனைக்குப் பிறகு கமிட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லாச் சபைகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஓர் ஊழியம் தொடங்க வேண்டும் என்றார். பிள்ளைகளோடு பழகுகிறவள் என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள்.

"நம்ம சபையில எத்தன பேர் இருக்காங்க மூப்பரே?" என்று கேட்டார் போதகர்.

"நம்ம சபையில அப்பிடி யாரும் இல்லீங்க பாஸ்டர். லயத்துல சில பேர் இருக்காங்க. கோயிலுக்குத்தான் வர மாட்டாங்க" என்றார் மூப்பர்.

அவர் அப்படிச் சொன்ன நேரம் வெளியே மழை பிடித்தது. திறந்திருந்த கதவு வழியே, அக்கா எழுந்து நின்று தடியால் செருப்புகளைக் கூரைக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இரும்புச் சப்பாத்தின் சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"அப்ப அங்க செருப்ப இழுத்து வைக்கிறது யாரு மாமா?" என்றேன்.

மூப்பர் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை.

"அது நம்ம ஊழியக்காரியாச்சே! செருப்புக் காவல் அதோட ஊழியம்மா. அறுப்புப் பண்டிகைக்கு வருஷா வருஷம் நன்றி சொல்லிப் பொன்னாடை போத்துறோமே."

பொன்னாடையைப் போர்த்துவதும் வாசலில் வைத்துத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவர்கள் அக்காவை ஒதுக்கி வைக்கவில்லை. ஊனமுள்ளவர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவ்வளவு மரியாதையோடு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். போதகர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அவருடைய சப்பாத்தும் அக்காவின் வரிசையில்தான் இருந்தது.

ஊழியத்தை எப்படித் தொடங்குவது என்ற பேச்சு வந்ததும் கமிட்டிக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒலிபெருக்கி கட்டி ஒரு பெரிய கூட்டம், மதியத்துக்குச் சோறு, எல்லாருக்கும் ஆளுக்கொரு துவாய், கடைசியில் வரிசையில் நிறுத்திச் சுகத்துக்காக ஜெபம். "ஒரு நாள் சோத்தப் போட்டுட்டு மறுநாள் யாருன்னு கேப்போம். அதுக்கு ஒரு ஊழியமா?" என்று கேட்டுவிட்டேன். என் பெயர் அன்றைக்கே கெட்டது. போதகர்தான் என் பக்கம் நின்று, முதலில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பேசுங்கள் என்றார்.

போனேன். மேட்டு லயத்தில் ஒரு தாய், என்னைக் கண்டதும் உள்ளே ஓடித் தன் மகளுக்கு முகம் துடைத்துப் பவுடர் பூசிக் கொண்டுவந்து நிறுத்தினாள். வளர்ந்த பிள்ளை, பேச்சு வராது. அந்தத் தாய் தலையில் முக்காட்டையும் இழுத்துவிட்டு, கண்ணை மூடி நின்றாள். நான் சும்மா நிற்பதைப் பார்த்துக் கண்ணைத் திறந்தாள்.

"ஜெபிக்கத்தானே வந்தீங்க? ஜெபிச்சிட்டுப் போங்க."

"இல்லம்மா. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரையும் கோயிலுக்கு வரச் சொல்ல வந்தேன்."

"ஐயோ, இது சத்தம் போடுங்க!"

"போடட்டும். நம்ம மூப்பர் போடாத சத்தமா?"

அவள் சிரித்துவிட்டாள். வருகிறவர் எல்லாரும் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வா என்று சொன்னவர் யாருமில்லை. அந்த ஞாயிறு பிள்ளை வந்தாள். மூப்பரின் ஜெபத்துக்கு நடுவில் நாலு தரம் கத்தினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூப்பர் ஜெபத்தை நிறுத்தி, அவளைப் பார்த்து, "சரிம்மா, முடிக்கிறேன்" என்று சொல்லி ஆமென் போட்டார். அடுத்த வாரம் கோயில் மணியின் கயிற்றை அவள் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னார். அந்த மனிதர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் போனது இதனால்தான்.

அக்காவைப் பற்றிய உண்மை எனக்குப் பஸ்ஸில்தான் தெரிய வந்தது. சப்பாத்தின் வார் அறுந்து, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. நான் துணைக்குப் போனேன். கலவானையில் ஏறும்போது கொண்டக்டர் பையன் மணியை அடிக்காமல் நின்று, "அக்கே, ஹெமின், ஹெமின்" என்று சிங்களத்தில் மெதுவாக ஏறச் சொன்னான். பிக்குமாரின் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஆளை எழுப்பி அக்காவை உட்கார வைத்தான்.

"பாத்தியா, பஸ்ஸுல சப்பாத்தோட முன் சீட்டு" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கோயில்ல ஏங்க்கா இல்ல? காத்து கதைய விட்டுட்டு நெசத்தச் சொல்லுங்க."

அக்கா அறுந்த வாரை இழுத்து முடிந்துகொண்டார். பிறகு சொன்னார்.

"சின்னதுல அப்பா தோள்ல தூக்கிட்டுப் போவாரு. பெரிய மனுஷி ஆனப்புறம் எப்பிடித் தூக்குறது? அப்பத்தான் இந்தச் சப்பாத்து கெடச்சிச்சு. சந்தோசமா நடந்து போனேன் புள்ள. வாசல்ல, கழட்டிட்டு வாம்மான்னாங்க. கழட்டினா இந்தக் காலு நிக்காது. ஒரு தடவ கழட்டிட்டு, தரையில இழுத்துக்கிட்டே உள்ள போனேன். முன்னால இருந்த புள்ளைங்க சிரிச்சிச்சு. அதோட வாசல்லயே ஒக்காந்துட்டேன். சும்மா ஒக்காந்திருக்க வெக்கமா இருந்திச்சு. செருப்ப அடுக்க ஆரம்பிச்சேன்."

"இத்தன வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே!"

"என்னான்னு சொல்றது? செருப்புக்காரின்னு ஒரு பேராவது இருக்கு. நொண்டின்னு கூப்பிடுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

இரத்தினபுரி வரும் வரை அக்காவின் தடியை நானே பிடித்துக்கொண்டு வந்தேன்.

இது நடந்து கொஞ்ச காலத்தில் அக்கா வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை. ஆனால் ஒரு மகள் உண்டு. அக்காவின் தங்கை கைப்பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அங்கேயே நோய் கண்டு இறந்துபோனாள். பிள்ளையின் தகப்பன் வேறு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான். தவழ்ந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளையை, தானும் தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்தே வளர்த்தவர் அக்கா. பிள்ளை இப்போது கார்மெண்டில் வேலை செய்கிறாள். அக்காவை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். மாப்பிள்ளை நிவித்திகலப் பக்கத்துத் தோட்டம். கல்யாணம் எங்கள் கோயிலில்.

எங்கள் ஆராதனை முறையில், தாலி கட்டுவதற்கு முன் போதகர் சபையைப் பார்த்து, இந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுப்பது யார் என்று கேட்பார். பெண்ணின் தகப்பனோ மாமனோ பக்கத்தில் நின்று, நான் என்று சொல்லி, பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

"எங்கம்மாதான் குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் எனக்கு வேணாம்" என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

கமிட்டியில் நான் பேச்சை எடுத்தேன். அக்கா சப்பாத்தோடு உள்ளே வர வேண்டும் என்றேன். மூப்பர் யோசித்துவிட்டு, தன் மனதுக்கு நல்ல வழி என்று பட்டதைச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால், நாலு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைக்கலாம். அக்கா சம்மதிக்கவில்லை. "மாப்பிள்ள வீட்டு சனம் முன்னால என்னப் பொணம் மாதிரித் தூக்கிட்டுப் போறதா? நான் வாசல்லயே இருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார்.

"புத்தர் கோயில் பன்சலையிலயும் கழட்டுறாங்க, சாமி கோயில்லயும் கழட்டுறாங்க. நாம மட்டும் சப்பாத்தோட போனா, வேதக்காரனுக்கு மரியாத தெரியாதுன்னு பேசமாட்டாங்களா?" என்றார் மூப்பர். "எங்கப்பா காலத்துல தொர பங்களாப் படிக்குக் கீழயே செருப்பக் கழட்டிட்டுத்தாம்மா நிப்பாங்க. ஆண்டவர் வீடு அதவிட கொறச்சலா?"

"ஆண்டவர் என்ன தொரையா மாமா?"

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "அக்கா காவல் காக்க ஒக்காரல. கழட்டச் சொன்னோம், கழட்டிட்டுத் தரையில இழுத்துக்கிட்டு வந்திச்சு, சிரிச்சோம். அதுக்காகத்தான் வாசல்ல ஒக்காந்திச்சு. நாம அதுக்குப் பொன்னாட போத்திக்கிட்டு இருக்கோம்!"

மூப்பரின் முகம் சுருங்கிப்போனது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மூப்பர் இல்லாமல் எங்கள் கோயிலில் ஓர் ஆணி அடிக்கவும் முடியாது என்பதால், போதகரும் ஒரு முடிவும் சொல்லாமல் பஸ் பிடித்தார். "கல்யாணத்தன்னிக்காவது ஒன் வாயக் கட்டிப் போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மழை. நிவித்திகல சனம் வேனில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். அக்கா புதுச் சேலை கட்டி, இரும்புச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு வந்திருந்தார். கல்யாண வீட்டுத் தாய் என்றுகூடப் பாராமல் அவர் கை வழக்கம்போல் செருப்புகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தடியைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

பிள்ளை வெள்ளைச் சேலையில் வாசல் வரை அக்காவின் கையைப் பிடித்து வந்தாள். வாசலில் நின்றாள். அக்கா அவளுடைய கையை மெல்ல எடுத்துவிட்டு, "போம்மா" என்றார். பிள்ளை தனியாக நடந்து போனாள். நான் கதவோரத்தில் நின்றேன். மூப்பர் முன் வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

பாட்டு முடிந்து, போதகர் கேட்டார். "இந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுப்பது யார்?"

"நான்தாங்க" என்றார் அக்கா, வாசலிலிருந்து.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது, போதகருக்குக் கேட்கவில்லை. பிள்ளை திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் இரண்டாம் தரமும் கேட்டார். அக்கா இன்னும் பலமாகச் சொல்லப் பார்த்தார், குரல் உடைந்துவிட்டது. "பொண்ணு வீட்டுல ஆள் இல்லியா?" என்று மாப்பிள்ளை பக்கத்தில் யாரோ கேட்டார்கள்.

மூப்பர் எழுந்தார். நடுவழியாக வாசலை நோக்கி வந்தார். அக்காவைப் பேசாதே என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, கல்யாண வீடென்றும் பார்க்காமல் என்னென்ன சொல்லலாம் என்று நாக்கில் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டி வெளியே போனார். அவருடைய கறுப்புச் சப்பாத்து எப்போதும்போல் வரிசையில் முதலாவதாக, வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. படியில் உட்கார்ந்து, சபை முழுவதும் பார்த்திருக்க, அதைக் காலில் மாட்டினார். லேஸைக் கட்டினார்.

"வாம்மா. மழையில பாஸ்டருக்குக் கேக்கல. கிட்டப் போய்ச் சொல்லுவோம்" என்றார் அக்காவிடம்.

அக்கா தன் சப்பாத்தைப் பார்த்தார், உள்ளே துடைத்துப் பளபளவென்று கிடந்த தரையைப் பார்த்தார். கால் எழவில்லை. மூப்பர் முதலில் தன் சப்பாத்துக் காலை வாசலுக்கு உள்ளே வைத்தார். அவருடைய அப்பா போட்ட சிமெந்தில், அவர் அதுவரை வெறுங்காலைத் தவிர எதையும் வைத்ததில்லை. வைத்துவிட்டுத் திரும்பிக் கையை நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் நடந்து போனார்கள். அவருடைய சப்பாத்தும் அக்காவின் இரும்பும் சேர்ந்து சத்தம் போட்டதில் எது யாருடையது என்று தெரியவில்லை. பின்னால் செம்மண் தடம் விழுந்துகொண்டே போனது.

போதகர் மூன்றாம் தரம் கேட்டார்.

"நான்தாங்க. நான் வளத்த புள்ள. நான்தான் குடுக்குறேன்" என்றார் அக்கா. இந்த முறை மழைக்கு மேலாகக் கேட்டது. பிள்ளை விம்மி அழுதாள், நான் அதைவிடப் பலமாக அழுதேன்.

சனம் சாப்பாட்டுக்குப் போன பிறகு, தரையைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். மூப்பர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

"விடும்மா. சனிக்கெழம நான் தொடச்சுக்கிறேன்" என்றார். தரையில் கிடந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா இருந்திருந்தா ஏசியிருப்பாரு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு கமிட்டி கூடி எந்தத் தீர்மானமும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறும் எல்லாரும் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினோம். மூப்பரும் கழற்றினார். மேட்டு லயத்துப் பிள்ளை மணிக் கயிற்றை இழுத்தாள். அக்கா சப்பாத்தோடு உள்ளே வந்து, என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரசங்கம் முழுவதும் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்தார். நடுவில் மழையும் பிடித்தது. "ஐயோ, செருப்பெல்லாம்" என்று எழும்பப் பார்த்தவரை நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் அக்காதான் வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். செருப்புகள் கழற்றிய இடத்தில் கழற்றியபடியே, முன்னும் பின்னுமாகக் கிடந்தன. மழைத் தண்ணீர் ஒவ்வொன்றிலும் தேங்கியிருந்தது. அக்கா தடியை ஊன்றிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார்.

"எல்லாம் நனஞ்சிருக்கு புள்ள" என்றார். மறுபடியும் ஒரு தரம் பார்த்தார். "ஆனா ஒன்னும் காணாமப் போகல."